பேனா பிளாட்டருக்கு எந்த போர்டு, அதை எங்கே பூட்டுவது?

பேனா பிளாட்டர் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த போர்டு வாங்கலாம்?” என்பதுதான். இரண்டு மோட்டாரை ஓட்டி, ஒரு சின்ன சர்வோவால் பேனாவைத் தூக்கி இறக்கும் வேலைக்குச் சந்தையில் இருக்கும் எந்த போர்டும் தாங்கும். கோடு நெளிவது, படம் பாதியில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போவது, பேனா இறங்கும் நொடியில் போர்டு அணைந்து மறுபடி எரிவது இவற்றுக்கெல்லாம் காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் ஒயர் போன வழியிலோ போர்டு உட்கார்ந்த இடத்திலோதான் போய் நிற்கும். அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் போர்டுக்கு இடம், அடுத்து ஒயருக்கு வழி, கடைசியில் போர்டு.

இயந்திரம் எந்த வகை?

பேனா பிளாட்டர்கள் பெரும்பாலும் மூன்று உருவங்களில் வரும். ஒன்று சாதாரண எக்ஸ்-ஒய் மேசை. ஒரு பாலம் முன்னும் பின்னும் போகும், அதன் மேல் பேனாத் தலை இடமும் வலமும் போகும். ஒரு மோட்டார் சட்டத்தில் நிற்கும், இன்னொன்று பாலத்தோடு பயணம் செய்யும். அந்த மோட்டாரின் நான்கு ஒயர், சர்வோவின் மூன்று ஒயர், லிமிட் சுவிட்ச் வைத்தால் அதற்கு இரண்டு என ஒரு கட்டே ஓயாமல் வளைந்து நிமிர வேண்டும்.

இரண்டாவது, ஒரே பெல்ட் இரண்டு மோட்டார்களையும் சுற்றி வரும் வகை. ஆக்சிட்ரா என்ற பிளாட்டர் இந்த உருவத்தில்தான் இருக்கிறது. மோட்டார்கள் இரு முனைகளில் நகராமல் நிற்கும். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் தலை பக்கவாட்டில் போகும், எதிரெதிராகச் சுற்றினால் கை நீளும் அல்லது உள்ளே வரும். நகர்கிற ஒயர் சர்வோவுடையது மட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் முறை செய்பவர்களுக்கு இதைச் சொல்வேன். போர்டில் ஏற்றும் நிரலாக ஜிஆர்பிஎல்லைப் பயன்படுத்தினால் கோர்எக்ஸ்ஒய் என்ற வசதியை நிரலை ஏற்றும்போதே திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் நேர்கோடு கேட்ட இடத்தில் சாய்கோடு வந்து நிற்கும்.

மூன்றாவது, சுவரில் தொங்கும் வகை. மேல் மூலைகளில் இரண்டு மோட்டார், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு பெல்ட் அல்லது கயிறு, நடுவில் பேனாவோடு தொங்கும் தட்டு. 2002-இல் யூர்க் லேனியும் ஊலி ஃபிராங்கேயும் ஸ்பிரே பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டுச் செய்த ‘ஹெக்டர்’ இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதன் பின் சாண்டி நோபிள் செய்த ‘போலார்கிராஃப்’ வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுவர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய படம் வரையலாம். ஆனால் ஒயர் நீளமும் அதே அளவுக்குக் கூடும்.

போர்டுக்கு இடம்

பாலத்தின் மேலேயே போர்டைப் பூட்டினால் மோட்டார் ஒயர் குறையுமே என்று தோன்றும். வேண்டாம். மோட்டார் ஒயருக்குப் பதில் பவர் ஒயரும் யுஎஸ்பி கேபிளும் நகர ஆரம்பிக்கும். யுஎஸ்பி சாக்கெட் இழுப்பைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. போர்டோடு அதைப் பிடித்திருக்கும் சால்டர் ஒருநாள் விட்டுப்போகும்.

மேசைக்கு அடியில் பூட்டுவது பார்க்க அழகாக இருக்கும். பழைய அலுவலக பிளாட்டர்களில் எல்லாமே ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வரும். அவை தொழிற்சாலையில் சரிபார்த்து மூடப்பட்டவை. நம் இயந்திரத்தில், மோட்டாரை ஓட்டும் டிரைவரில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டி ஸ்க்ரூவைப் பலமுறை திருப்பவேண்டி வரும், ஜம்பரை மாற்ற வேண்டி வரும், எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைக் கவிழ்க்க முடியாது. எல்லாம் சரியாக ஓடி, இனி கை வைக்கப்போவதில்லை என்று உறுதியான பிறகு வேண்டுமானால் அடியில் கொண்டுபோங்கள்.

பெரும்பாலோருக்குச் சரியான இடம், சட்டத்தின் பின்பக்கம், நகராத மோட்டாருக்கு அருகில். போர்டைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பூட்டுவதே நல்லது. டிரைவர்களில் சூடாகும் காற்று தானாக மேலே ஏறிப் போகும், பேனாவிலிருந்து மை தெறித்தாலும் தாளின் தூசி விழுந்தாலும் அதன் மேல் தங்காது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை. டிரைவரோடு வரும் ஹீட் சிங்க்கின் அடியில் இருப்பது வெறும் ஒட்டும் நாடா. நிமிர்ந்து நிற்கும் போர்டில் சூடேறினால் அது மெல்ல வழுக்கி இறங்கி, பக்கத்துப் பின்களைத் தொட்டுவிடும். அலுமினியம் இரண்டு பின்னைச் சேர்த்த நொடியில் டிரைவர் போய்விடும். நாடாவை எடுத்துவிட்டு வெப்பம் கடத்தும் பசை போட்டு ஒட்டுங்கள், அல்லது ஹீட் சிங்க்கே தேவைப்படாத அளவுக்குக் கரண்டைக் குறைத்து ஓட்டுங்கள். பேனாவுக்கு அது போதும். கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

சுவர் வகைக்கு மேலே, இரண்டு மோட்டார்களுக்கும் நட்டநடுவில் பூட்டுங்கள். இரண்டு மோட்டாருக்கும் ஒயர் சம நீளம் வரும். அதைவிட முக்கியம், பேனாத் தட்டுக்குப் போகும் சர்வோ ஒயர் நடுவிலிருந்து இறங்கும். ஓரத்திலிருந்து இறங்கினால் அதன் எடை தட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், படத்தின் ஒரு பாதி லேசாகச் சரிந்திருக்கும்.

பள்ளிக்கூடம், கண்காட்சி என்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தனிப் பெட்டி வசதி. திருகி மாட்டும் நான்கு பின் ஜிஎக்ஸ்16 கனெக்டர் மோட்டாருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் கழற்றி மாட்டும் வசதி வந்தவுடன் கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைக் கழற்றும் ஆபத்தும் கூடவே வருகிறது. ஓடும் சுருளை அறுத்தால் எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். பெட்டியின் மேலேயே, கனெக்டருக்கு அருகில், பவர் சுவிட்சை வைத்து, “முதலில் அணை” என்று எழுதி ஒட்டுங்கள். மாணவர்கள் கைக்குப் போகும் இயந்திரத்தில் இது கட்டாயம்.

போர்டுகள்

இடம் முடிவானால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

*ஆர்டுயினோ ஊனோ, சிஎன்சி ஷீல்டு.* சென்னை ரிட்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஊனோவில் ஜிஆர்பிஎல் ஏற்றி, மேலே வி3 ஷீல்டைச் சொருகி, அதில் இரண்டு டிரைவர் மாட்டினால் வேலை தொடங்கிவிடும். 2009-இல் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய ஜிஆர்பிஎல் இவ்வளவு காலம் பலர் கையில் அடிபட்டுப் பண்பட்டது. சிக்கல் வந்தால் அதை ஏற்கெனவே யாராவது சந்தித்திருப்பார்கள். முதல் இயந்திரத்துக்கு இதுவே என் பரிந்துரை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஷீல்டின் 12 வோல்ட் ஊனோவுக்குப் போகாது, ஊனோ யுஎஸ்பியிலிருந்துதான் உயிர் வாழ்கிறது. அடுத்தது, பழைய ஷீல்டில் அச்சிட்டிருக்கும் பெயர்களுக்கும் இன்றைய ஜிஆர்பிஎல்லுக்கும் ஓரிடத்தில் பொருத்தமில்லை. 0.9 பதிப்பில் ஸ்பிண்டில் வேகத்துக்கான சிக்னல் 11-ஆம் பின்னுக்கும், இசட் லிமிட் 12-ஆம் பின்னுக்கும் மாறிவிட்டன. சர்வோவுக்கென மாற்றிய ஜிஆர்பிஎல்லை ஏற்றினால் சர்வோவின் சிக்னல் ஒயரை 11-ஆம் பின்னில், அதாவது ஷீல்டில் இசட் எண்ட் ஸ்டாப் என்று எழுதியிருக்கும் இடத்தில் சொருக வேண்டும். எழுத்தை நம்பி ‘ஸ்பிண்டில்’ என்ற இடத்தில் சொருகினால் சர்வோ அசையாது. மூன்றாவது, ஊனோவின் யுஎஸ்பி சாக்கெட் உலோக உறை போட்டது, ஷீல்டின் அடிப்பக்க சால்டர் முனைகள் அதன் மேல் உரசக்கூடும். சொருகும் முன் உறையின் மேல் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டிவிடுங்கள்.

*ஈபிபி என்னும் ஐபாட்போர்டு.* பிரையன் ஷ்மால்ஸ் வடிவமைத்தது. முட்டை மேல் வரையும் எக்பாட்டிலும் பிறகு ஆக்சிட்ராவிலும் இதுதான். இரண்டு டிரைவரும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு வரும், சர்வோவுக்குத் தனி இடம் இருக்கும், சொருகிக் கழற்றும் ஜம்பர் தொல்லை இல்லை. பூட்டுவதற்கு இதைவிட எளிது கிடையாது. சிறிய போர்டு, ஒயர்கள் எல்லாம் ஒழுங்கான டெர்மினலில் முடியும். ஆனால் பாதையைச் சொல்லும் ஜி-கோடு கட்டளைகளை இது படிக்காது. பாதையைக் கணக்கிட்டு இடைவிடாமல் கட்டளை அனுப்பும் பொறுப்பு கம்ப்யூட்டருடையது. மூன்று மணி நேரப் படத்தின் நடுவே லேப்டாப் தூங்கப் போனால் பேனாவும் அங்கேயே நின்று மைப் பொட்டு வைக்கும். இன்க்ஸ்கேப்பிலிருந்து நேராக வரைய விரும்புகிற, ஒயரிங்கில் நேரம் போக்க விரும்பாத ஓவியருக்கு இது. இங்கே சுலபமாகக் கிடைக்காது, வரவழைக்கும் செலவு கையைக் கடிக்கும்.

*ஈஎஸ்பி32 போர்டுகள்.* எம்கேஎஸ் டிஎல்சி32 போல டிரைவர் இடங்களோடு முழுசாக வருபவை உண்டு. அதற்கென ஃப்ளூயிட்என்சி என்ற நிரல் இருக்கிறது. எந்தப் பின் எந்த வேலைக்கு என்பதை ஒரு உரைக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். நிரலைத் திரும்பத் தொகுக்க வேண்டியதில்லை, சர்வோவும் அதிலேயே ஒரு வரி. எஸ்டி கார்டில் படத்தைப் போட்டு, வைஃபையில் தொடக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம். நீண்ட நேரப் படங்கள் வரைபவர்களுக்கும் சுவர் இயந்திரத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். மேலே உயரத்தில் இருக்கும் போர்டுக்கு யுஎஸ்பி இழுக்கும் வேலை மிச்சம்.

இடம் தேர்வதில் இதற்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஆன்டெனா முனையை இரும்புப் பெட்டிக்குள் அடைக்கக்கூடாது, அலுமினியச் சட்டத்தோடு ஒட்டியும் வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் அல்லது பிளைவுட் தட்டின் விளிம்புக்கு வெளியே அந்த முனை நீட்டிக்கொண்டிருக்கட்டும். தனி ஈஎஸ்பி32 வாங்கி நீங்களே ஒயர் போடுவதானால், 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே, அவற்றுக்கு உள்ளேயே புல்-அப் கிடையாது. அங்கே லிமிட் சுவிட்சை வைத்துவிட்டு வெளியே ரெசிஸ்டர் போடாவிட்டால் யாரும் தொடாமலே சுவிட்ச் அழுந்தியதாகச் சொல்லும்.

*பழைய 3டி பிரிண்டர் போர்டு.* வீட்டில் சும்மா கிடந்தால் எடுங்கள், இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள். ஆர்டுயினோ மெகாவின் மேல் உட்காரும் ராம்ப்ஸ் 1.4-இல் சர்வோவுக்கு நான்கு இடம் இருக்கிறது, ஆனால் ஒரு ஜம்பரைப் போட்டால்தான் அங்கே 5 வோல்ட் வரும். அதில் ஓடும் மார்லின் நிரலில் வெப்ப உணரிகளை இல்லையென்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘வெப்பநிலை குறைவு’ என்று இயந்திரம் நின்றுவிடும். 24 வோல்ட் கொடுப்பதானால் டி1 டயோடைக் கழற்றாமல் கொடுக்கக்கூடாது, அது அந்த மின்னழுத்தத்தை நேராக மெகாவுக்குள் அனுப்பிவிடும்.

*28பிஒய்ஜே-48 மோட்டார், யுஎல்என்2003 டிரைவர்.* சுவர் பிளாட்டர் எப்படி வேலை செய்கிறது என்று குழந்தைகளுக்குக் காட்ட நல்லது. கியரில் உள்ள ஆட்டத்தால் திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கோடு தடுமாறும். படம் வரைய இது உதவாது.

டிரைவர்தான் கோட்டின் அழகு

போர்டை விட்டுவிட்டு டிரைவருக்குக் காசு செலவழியுங்கள் என்று சொல்வேன். 20 பல் புல்லி, 2 மி.மீ. பிட்ச் ஜிடி2 பெல்ட் என்றால் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நெமா 17 மோட்டாருக்கு ஒரு சுற்று 200 படி, 1/16 மைக்ரோஸ்டெப்பில் 3,200. ஆக மில்லிமீட்டருக்கு 80 படி. ஜிஆர்பிஎல்லின் $100, $101 என்ற அமைப்புகள் இரண்டிலும் போட வேண்டிய எண் இதுதான். ஆக்சிட்ராவின் அறிவிக்கப்பட்ட நுணுக்கமும் இதே 80-தான். ஆனால் அந்த 80 படிகளும் சம அளவில் விழுகின்றனவா என்பது டிரைவரைப் பொறுத்தது.

ஏ4988 மலிவு, போதுமானது, கொஞ்சம் சத்தம் போடும். டிஆர்வி8825 1/32 வரை போகும் என்பதால் மேலானது என்று நினைத்து வாங்குகிறார்கள். பிளாட்டருக்கு அதைத் தவிர்க்கச் சொல்வேன். குறைந்த கரண்டில், மெதுவான வேகத்தில், அது சில மைக்ரோஸ்டெப்களை விழுங்கிவிட்டுப் பிறகு ஒன்றாகத் தாவும். 3டி பிரிண்ட்டில் மீன் செதில் போலத் தெரியும் அதே கோளாறு, மெல்லிய பேனாவில் கிட்டத்தட்ட கிடையாகப் போகும் கோட்டில் ஒரே சீரான அலையாகத் தெரியும். பேனா பிளாட்டர் ஓடுவதே குறைந்த கரண்டில், மெதுவான வேகத்தில் என்பதை யோசித்துப் பாருங்கள். டிஎம்சி2208, டிஎம்சி2209 இரண்டும் இந்த இடத்தில் தெளிவாக மேல். உள்ளுக்குள் 256 பங்காகப் பிரித்துச் சமன் செய்வதால் கோடு வழவழப்பாக வரும், பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்கு இயந்திரம் ஓடுவதே தெரியாது.

டிரைவரை மாற்றும்போது ஜம்பர் கணக்கும் மாறும். ஏ4988-இல் மூன்று ஜம்பரும் இருந்தால் 1/16. டிஎம்சி2208-இல் முதல் இரண்டு மட்டும் இருந்தாலே 1/16, மூன்றாவது இடத்தில் இருக்கும் பின்னுக்கு அதில் வேறு வேலை, அந்த ஜம்பரை எடுத்துவிடுங்கள். எந்த ஜம்பரும் இல்லையென்றால் ஏ4988 முழுப் படி போடும், டிஎம்சி2208 எட்டில் ஒரு பங்கு போடும். சொருகும் திசைக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அடையாளமாக வைக்காதீர்கள். ஏ4988-க்கும் டிஆர்வி8825-க்கும் அது எதிரெதிர் முனைகளில் இருக்கிறது. டிரைவரின் அடியில் ‘எனேபிள்’ பின் எது என்று படித்து, ஷீல்டில் அதே பெயர் உள்ள துளையோடு பொருத்துங்கள்.

இப்போது கரண்ட் கணக்கு. மோட்டாரின் லேபிளில் 1.7 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் பேனாவை நகர்த்த 0.6 முதல் 0.8 போதும். ஏ4988-க்கு வாய்ப்பாடு: ஸ்க்ரூவில் அளக்கும் மின்னழுத்தம் = கரண்ட் × 8 × சென்ஸ் ரெசிஸ்டரின் மதிப்பு. அந்த ரெசிஸ்டர் எது என்று டிரைவரைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புச் செவ்வகங்களில் ஆர்100 என்றோ ஆர்068 என்றோ ஆர்050 என்றோ பொடியாக எழுதியிருக்கும். அதாவது 0.1, 0.068, 0.05 ஓம். 0.8 ஆம்பியருக்கு ஆர்100 என்றால் 0.64 வோல்ட், ஆர்050 என்றால் 0.32 வோல்ட். யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைத்தால், ரெசிஸ்டர் வேறாக இருக்கும்போது கரண்ட் இரண்டு மடங்காகிவிடும். டிஎம்சிக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது, அதற்கான கணக்கை அந்த டிரைவரின் குறிப்பேட்டில் பாருங்கள். அளக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை ஸ்க்ரூவின் தலையிலேயே வைக்கலாம். கை நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர், சர்வோ

இரண்டு மோட்டார், ஒரு சர்வோ உள்ள பிளாட்டருக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் தாராளம். வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் 24 வோல்ட். திறந்த டெர்மினல் உள்ள எஸ்எம்பிஎஸ் பெட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் 230 வோல்ட் ஸ்க்ரூ முனைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் இயந்திரத்தை வீட்டில் வைக்கக்கூடாது. லேப்டாப் சார்ஜர் மாதிரி மூடிய அடாப்டரை வாங்கி, 12 வோல்ட் மட்டும் இயந்திரத்துக்குள் வரும்படி செய்யுங்கள். இதில் காசு மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பேனா இறங்கும்போது போர்டு அணைந்து எரிகிறதே என்ற புகாருக்குக் காரணம் சர்வோவின் பசி. எஸ்ஜி90 சின்னதாக இருந்தாலும் முட்டுக்கட்டை வந்தால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து அதைக் கொடுத்தால் யுஎஸ்பி தரும் கரண்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும், மின்னழுத்தம் சரிந்து ஊனோ ரீசெட் ஆகும், ஜிஆர்பிஎல் தான் இருந்த இடத்தை மறந்துவிடும். 12 வோல்ட்டிலிருந்து எல்எம்2596 போன்ற பக் கன்வர்ட்டர் வழியாக 5 வோல்ட் எடுத்துச் சர்வோவுக்குத் தனியாகக் கொடுங்கள். கன்வர்ட்டரின் வெளியீட்டை 5 என்று அளந்து வைத்த பிறகே சர்வோவை இணைக்க வேண்டும், வாங்கும்போது அது எந்த அளவில் வேண்டுமானாலும் நிற்கும். சர்வோவின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலுக்கு அர்த்தமே இல்லை. சர்வோவுக்குப் பக்கத்தில், ஒயரின் கடைசி முனையில், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். சுவர் இயந்திரத்தின் நீள ஒயருக்கு இது அவசியம்.

ஒயர் போகும் வழி

மோட்டாரின் நான்கு ஒயரில் எது எதற்கு ஜோடி என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் சுற்றுங்கள். சுற்ற இறுக்கமாக இருந்தால் அவை ஒரே சுருளின் இரு முனைகள். ஜோடி ஜோடியாக முறுக்கிவிடுங்கள், காந்தப் புலம் வெளியே சிதறுவது குறையும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஒரு ஜோடியை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், அல்லது $3-இல் திருத்தலாம்.

நகரும் இடத்தில் பல இழை ஒயர் மட்டுமே, அதிலும் சிலிக்கான் உறை போட்டது மேல். ஒற்றைக் கம்பி சில வாரத்தில் உள்ளுக்குள் முறிந்து, வெளியே உறை முழுசாக இருக்கும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி. கேபிள் செயின் போட்டால் அழகு, ஆனால் கை நீட்டும் வகையில் செயினின் எடை பேனா முனையைத் தாழ்த்தும், அதன் உராய்வு மோட்டாருக்குச் சுமை. எனக்குப் பிடித்தது தட்டை ரிப்பன் ஒயர். அதை விளிம்பில் நிற்கவைத்து, அகலமான ஒரு வளைவாக விட்டு, இரு முனைகளிலும் கேபிள் டையால் கட்டினால் செயின் செய்யும் வேலையைக் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் செய்யும். கட்டும் இடம் கனெக்டருக்கு முன்னால் இருக்க வேண்டும், இழுப்பு முழுவதையும் அந்தக் கட்டே வாங்கிக்கொள்ளட்டும்.

ஸ்க்ரூ டெர்மினலில் போகும் முனைக்கு சால்டர் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், மோட்டாரின் அதிர்வில் இறுக்கம் போய்விடும். முனைக்கு லக் மாட்டி நசுக்குங்கள், முடியாவிட்டால் இழைகளை முறுக்கி அப்படியே விடுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஜம்பர் ஒயரின் சொருகு முனைகளை நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் ஓரிரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும். பூட்டு உள்ள ஜேஎஸ்டி கனெக்டருக்கு மாறிவிடுங்கள்.

லிமிட் சுவிட்ச் வேண்டுமா? சின்ன இயந்திரத்துக்கு வேண்டாம் என்பேன். ஆக்சிட்ரா வி3-யிலும் கிடையாது. மூலையில் ஒரு மரத் துண்டை ஒட்டிவைத்து, தலையை அதில் முட்டும்வரை கையால் தள்ளினால் ஒவ்வொரு முறையும் தொடக்கம் அதே இடம், மின்வெட்டுக்குப் பிறகும்கூட. தள்ளும்போது மெதுவாகத் தள்ளுங்கள், சுற்றும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி டிரைவருக்குள் அனுப்பும். சுவிட்ச் வைத்தே ஆக வேண்டுமென்றால் அழுத்தினால் திறக்கும் இணைப்பில் வையுங்கள், ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கும். ஜிஆர்பிஎல்லில் அதற்கு $5=1. சுவிட்ச் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தனி வழியில் கொண்டுபோய், போர்டின் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் பொய் அழுத்தங்கள் பெரும்பாலும் அடங்கும்.

பூட்டுவது

போர்டின் அடிப்பக்கம் முழுவதும் கரண்ட் ஓடும் சால்டர் முனைகள். 2020 அலுமினியச் சட்டத்தின் மேல் நேராக வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 3 மி.மீ. அக்ரிலிக் அல்லது 6 மி.மீ. பிளைவுட் தட்டில் 10 மி.மீ. நைலான் ஸ்பேசர் வைத்து எம்3 ஸ்க்ரூவால் பூட்டி, தட்டைச் சட்டத்தில் டி-நட்டால் பிடியுங்கள். எம்டிஎஃப் ஈரத்தில் ஊதும், வேண்டாம். ஊனோவின் நான்கு துளைகளில் ஒன்று பின் வரிசையோடு ஒட்டியிருப்பதால் உலோக ஸ்க்ரூவின் தலை பின்னைத் தொடும். அந்தத் துளைக்கு நைலான் ஸ்க்ரூ, அல்லது மூன்றோடு விட்டுவிடுங்கள். யுஎஸ்பி வாய்க்கு முன்னால் பிளக் முழுசாக உள்ளே போகும் இடம் விட்டு, அந்தக் கேபிளையும் தட்டோடு ஒரு கட்டு கட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஓட்டிப் பார்க்க ஒரு சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா தூக்காமல் ஒரே இழையாகச் சுற்றி, தொடங்கிய புள்ளியிலேயே முடிகிற கோலம். படி தவறினால் தொடக்கமும் முடிவும் சேராது. அதே தாளில், அதே கோலத்தை அடுத்தடுத்து வரையவிடுங்கள். இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம் சீராக வளர்ந்தால் புல்லியின் குட்டி ஸ்க்ரூவையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். முதல் சில சுற்று சரியாக வந்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு திடீரென்று தாவினால் டிரைவர் சூட்டில் தன்னை அணைத்துக்கொள்கிறது, கரண்டைக் குறையுங்கள். ஒவ்வொரு கோலத்தின் தொடக்கத்திலும் பேனா இறங்கும்போது மட்டும் தாவினால் சர்வோவின் 5 வோல்ட்டைத் திரும்ப அளந்து பாருங்கள். பாலம் ஒரே ஓரத்துக்குப் போகும்போது மட்டும் தாவினால் அந்த இடத்தில் ஒயர் இழுபடுகிறது, கட்டை அவிழ்த்து இன்னும் இரண்டு விரல் நீளம் விட்டுக் கட்டுங்கள்.